ஸ்காண்டிநேவியாவில் பிஎச்.டி., போஸ்ட்டாக்: நூறு மெயில் போட்டும் பதில் வராதது ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இது: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்து இரண்டு வருடமாக ஓர் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பேராசிரியர்களுக்கு நூறு மெயிலுக்கு மேல் போட்டாயிற்று. பதில் வந்தது மூன்று, மூன்றிலும் 'இப்போது இடமில்லை'. கணவர் வேதியியலில் பிஎச்.டி. வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது, அவருக்குப் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) வேண்டும். ஸ்காலர்ஷிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது? ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுக்காதீர்கள். இந்த மூன்று நாடுகளிலும் சம்பளத்தோடு வரும் பிஎச்.டி. இடத்துக்கு விண்ணப்பக் கட்டணமும் கிடையாது, படிப்புக் கட்டணமும் கிடையாது. ஸ்வீடனில் மாஸ்டர்ஸ் படிக்கத்தான் 900 க்ரோனர் விண்ணப்பக் கட்டணம். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 2011 முதல் மாஸ்டர்ஸுக்குப் படிப்புக் கட்டணமும் உண்டு. நார்வேயும் 2023இல் அதே வழிக்கு வந்துவிட்டது. ஏஜென்ட்டுகள் பிழைப்பது அந்த மாஸ்டர்ஸ் சந்தையில். பிஎச்.டி.யில் அவர்கள் நுழைய வாசலே இல்லை. ஒன்றரை லட்சத்தை வாங்கிக்கொண்டு, நீங்கள் அனுப்பிய அதே மெயிலை இன்னும் இருநூறு பேருக்கு அனுப்புவார், அவ்வளவுதான்.

அடுத்து, 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல். அதை மறந்துவிடுங்கள். உங்கள் நூறு மெயிலும் வீணானதற்குக் காரணம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

நம் ஊரில் பிஎச்.டி. என்றால் முதலில் கைடைப் பிடிக்க வேண்டும், அப்புறம் பதிவு, அப்புறம் ஃபெலோஷிப்புக்கு அலைச்சல். அங்கே பணம் முதலில் வருகிறது. ஒரு பேராசிரியர் ஸ்வீடிஷ் ஆராய்ச்சிக் கவுன்சிலிடமோ, வாலன்பெரி அறக்கட்டளையிடமோ, டென்மார்க் என்றால் நோவோ நோர்டிஸ்க் அறக்கட்டளையிடமோ எழுதிப் போட்டு நிதி வாங்குகிறார். அந்த நிதிக்குள் ஒரு டாக்டர் மாணவருக்கான சில வருடச் சம்பளம் அடங்கியிருக்கும். அதைக் காட்டிப் பல்கலைக்கழகம் வேலை விளம்பரம் கொடுக்கிறது. நீங்கள் விண்ணப்பித்துத் தேர்வானால் அந்தப் பல்கலையின் ஊழியர். சம்பளச் சீட்டு, வரி, ஓய்வூதியப் பங்கு, விடுப்பு, தொழிற்சங்கம் எல்லாம் உண்டு. நார்வேயில் இந்தப் பதவிக்குப் பெயர் என்னவோ 'ஸ்டிபெண்டியாட்' என்றுதான், ஆனால் கையில் வருவது உதவித்தொகை இல்லை, சம்பளம்.

இப்போது உங்கள் மெயிலை அந்தப் பேராசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அவரிடம் நிதி இல்லையென்றால் உங்களை எடுக்க முடியாது. நிதி இருந்தாலும் நேராக எடுக்க முடியாது. ஸ்வீடனில் டாக்டர் மாணவர் இடத்தை விளம்பரம் செய்தே ஆக வேண்டும் என்று உயர்கல்வி விதியே சொல்கிறது. ஆக, நீங்கள் உலகத்திலேயே சிறந்த நுண்ணுயிரியலாளராக இருந்தாலும் அவர் எழுதக்கூடிய பதில் ஒன்றுதான்: இப்போது இடமில்லை. அந்த மூன்று பேர் நல்லவர்கள், பதில் போட்டார்கள்.

நாடு வாரியாக வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். ஸ்வீடனில் முழுநேர ஆய்வு நான்கு வருடம். அதோடு பாடம் எடுப்பது, ஆய்வக வகுப்பு பார்த்துக்கொள்வது போன்ற துறை வேலை 20 சதவீதம் வரை தரலாம், தந்தால் மொத்தம் ஐந்து வருடம் ஆகும். முதல் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான் போடுவார்கள். பயப்பட வேண்டாம், அது சட்டத்தில் உள்ள முறை, எல்லோருக்கும் அப்படித்தான். பிறகு இரண்டு வருடம் வரை நீட்டிப்பார்கள். சம்பளம் மாதம் 30,000 க்ரோனருக்கு மேல். சுமாராக நாலில் ஒரு பங்கு வரிக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு முன்னேற முன்னேறப் படிப்படியாக ஏறும்.

நார்வேயில் மூன்று வருடம், அல்லது 25 சதவீதக் கடமை வேலையோடு நான்கு வருடம். சம்பளத்தை வருடக் கணக்கில் சொல்வார்கள், ஐந்து லட்சம் நார்வே க்ரோனருக்கு மேல். விளம்பரத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாதச் சம்பளம் என்று துள்ளிக் குதித்த ஒருவரை எனக்குத் தெரியும். டென்மார்க்கில் மூன்றே வருடம். அதற்குள் 840 மணி நேரம் துறை வேலை, வேறொரு ஆய்வுச் சூழலில், பெரும்பாலும் வெளிநாட்டில், சில மாதங்கள். நெருக்கடியான மூன்று வருடம் அது. இடைவெளி எடுத்து மெதுவாகப் பழகிக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஸ்வீடன்தான் தோது என்பது என் கருத்து.

உங்கள் துறைக்கு எங்கே தேட வேண்டும்? ஸ்வீடனின் வடக்கே ஊமியோ. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக 2020இல் வேதியியல் நோபல் வாங்கிய எம்மானுவேல் ஷார்பான்டியே அந்த ஆய்வின் முக்கியமான வருடங்களில் இருந்தது ஊமியோ பல்கலையில். தொற்று நுண்ணுயிரியலுக்கு இன்றைக்கும் வலுவான இடம். டென்மார்க்கில் ஓர்ஹூஸ், கடல் சேற்றுக்குள் மின்சாரம் கடத்தும் 'கேபிள் பாக்டீரியா'வைக் கண்டுபிடித்த ஊர். கழிவுநீர் நுண்ணுயிரிகள் என்றால் ஆல்போர். நுண்ணுயிரிகளை வைத்து மருந்தும் ரசாயனமும் தயாரிக்கும் ஆசை இருந்தால் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலை. நார்வேயில் த்ரோண்ட்ஹைம், த்ரோம்ஸோ. உப்சாலா, லுண்ட், கரோலின்ஸ்கா, கோபன்ஹேகன், ஓஸ்லோ எல்லாம் உங்களுக்கே தெரியும். எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே கூட்டமும் அதிகம்.

விளம்பரங்களை ஒவ்வொரு பல்கலையின் வேலைவாய்ப்புப் பக்கத்திலும் நேராகப் பார்க்கலாம். நார்வேக்கு ஜாப்நோர்கே என்ற ஒரே தளத்தில் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும். ஐரோப்பா முழுமைக்கும் யூராக்ஸஸ். யூராக்ஸஸில் 'மரீ க்யூரி டாக்டரல் நெட்வொர்க்' என்று வருவதைத் தனியாகக் கவனியுங்கள். பல நாட்டுப் பல்கலைகள் கூட்டாகச் சேர்ந்து பத்துப் பதினைந்து மாணவர்களை எடுக்கும் திட்டம் அது, எந்த நாட்டவரும் போகலாம். முக்கியமான நிபந்தனை, சேரும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவருக்கு அது ஒரு தடையே இல்லை, ஏற்கெனவே ஸ்வீடனில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருப்பவர்தான் அங்கே மாட்டிக்கொள்வார்.

மெயில் போடவே கூடாதா என்றால், போடலாம். விளம்பரம் வந்த பிறகு, அதில் 'விவரங்களுக்கு' என்று போட்டிருக்கும் நபருக்கு, நிஜமான ஒரு கேள்வியோடு. 'இந்த வேலையில் களத்துக்குப் போய் மாதிரி எடுப்பது எவ்வளவு, கணினியில் தரவு பார்ப்பது எவ்வளவு?' என்று கேட்கலாம். 'எனக்கு வாய்ப்பு உண்டா?' என்று கேட்கக் கூடாது, அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. இன்னொரு விதிவிலக்கு, டென்மார்க்கின் சில பட்டதாரிப் பள்ளிகள் (பல்கலைக்குள் பிஎச்.டி. படிப்பை நடத்தும் பிரிவுகள்) வருடத்தில் சில கெடு தேதிகளை வைத்துப் பொது அழைப்பு விடும். அதில் முன்கூட்டியே ஒரு சூப்பர்வைசரோடு பேசி ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். அங்கே மெயில் அவசியம்.

தகுதி. ஸ்வீடனில் மாஸ்டர்ஸ் பட்டம், அல்லது 240 கிரெடிட், அதாவது நான்கு வருடப் படிப்பு. அதில் 60 ஆவது மாஸ்டர்ஸ் நிலையில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு என்று ஐந்து வருடம் படித்த உங்களுக்குச் சிக்கல் இல்லை. வெறும் பி.இ. மட்டும் வைத்திருப்பவர்கள்தான் இங்கே தடுக்கி விழுகிறார்கள்: நான்கு வருடம் சரி, ஆனால் மாஸ்டர்ஸ் நிலைப் பாடம் எங்கே? நார்வேயில் இன்னொரு வேலி உண்டு. மாஸ்டர்ஸ் மதிப்பெண் அவர்கள் கணக்கில் சராசரி பி தரமாவது இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கறாராகப் பார்ப்பார்கள். நம் மார்க் ஷீட்டோடு, உங்கள் பல்கலை எந்தச் சதவீதத்துக்கு என்ன வகுப்பு தருகிறது என்று விளக்கும் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நம் ஊரில் 68 சதவீதம் முதல் வகுப்பு என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, மூன்றில் இரண்டு பங்கு மார்க் என்றுதான் தெரியும். நெட், கேட் எழுதவில்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத் தேர்வு இடத்துக்கு இடம் மாறும், ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி வைத்துக்கொண்டால் நிம்மதி.

இனி விண்ணப்பம். விளம்பரத்தை அச்செடுத்து கையில் பேனாவோடு படியுங்கள். ஸ்வீடன் விளம்பரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதி இருக்கும்: கட்டாயத் தேவை ஒன்று, இருந்தால் நல்லது என்பது இன்னொன்று. தேர்வுக் குழுவில் நான் உட்கார்ந்தபோது நாங்கள் செய்த முதல் வேலை ஒரு எக்செல் தாள் போட்டதுதான். இடது ஓரத்தில் பெயர்கள், மேலே அந்த விளம்பரத்தின் ஒவ்வொரு தேவையும் ஒரு கட்டம். நூற்றுக்கு மேல் விண்ணப்பம். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. கட்டத்தில் 'உண்டு' என்று போட எங்களுக்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லையென்றால், திறமை உங்களிடம் இருந்தும் கட்டம் காலி. விளம்பரத்தில் ஆர் என்ற கணினி மொழி கேட்டிருந்தார்கள், ஒரு விண்ணப்பதாரர் ஆர் தெரியும் என்று சிவியின் நான்காம் பக்கத்தில், 'பொழுதுபோக்கு' என்ற தலைப்புக்கு மேலே, எழுதியிருந்தார். நல்ல வேளையாக என் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்தார்.

நீங்கள் ஒட்டியிருந்த மெயிலின் முதல் பத்தி இது: 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர்வது என் வாழ்நாள் கனவு. சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம். பிசிஆர், ஜெல் எலக்ட்ரோபோரசிஸ், பாக்டீரியா வளர்ப்பு ஆகியவற்றில் நல்ல அனுபவம் உண்டு. நான் கடின உழைப்பாளி, எந்தச் சூழலிலும் வேலை செய்வேன்.'

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பத்தியை எழுதியவர் நீங்கள்தான் என்பதற்கும் அடையாளம் இல்லை. யார் பெயரை வேண்டுமானாலும் கீழே போடலாம். (அப்புறம், அந்தப் பேராசிரியர் ஒரு பெண். 'ஐயா' என்று ஆரம்பித்தால் அடுத்த வரிக்குப் போகவே மாட்டார். அங்கே வெறும் பெயர் சொல்லித்தான் எழுதுவார்கள், 'ஹாய்' போட்டு முதல் பெயர். முதலில் நமக்குக் கூசும், பழகிவிடும்.)

அதே கேள்வியில், கீழே போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தீர்கள்: திருப்பூர்ச் சாயக்கழிவுநீரில் பாக்டீரியா பிரித்தெடுக்கிறேன், சாயம் கலந்திருந்ததால் மூன்று மாதம் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் சோதனை) வரவே இல்லை, அப்புறம் சரி செய்தேன் என்று. கடிதத்தில் வர வேண்டியது அதுதான்! கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களைப் பற்றிய ஒரு விளம்பரத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டால், இப்படித் தொடங்கலாம்: 'இரண்டு வருடமாகத் திருப்பூரின் சாயக்கழிவுநீரிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து 16எஸ் மரபணுவை வைத்து இனம் காண்கிறேன். முதல் மூன்று மாதம் பிசிஆரில் ஒரு பட்டையும் தெரியவில்லை. டிஎன்ஏ இருந்தது, கூடவே வந்த சாயம் நொதியைத் தடுத்துக்கொண்டிருந்தது. மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து, பிஎஸ்ஏ புரதம் சேர்த்த பிறகு வேலை செய்தது. இப்போது எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். உங்கள் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் உள்ள மெட்டாஜீனோமிக்ஸ் நான் செய்ததில்லை. அதற்காக ஆர் மொழியில் பொதுத் தரவுகளை வைத்துப் பழகி வருகிறேன், என் குறியீடு இணைப்பில் உள்ளது.'

பார்த்தீர்களா, 'கடின உழைப்பாளி' என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. தெரியாததையும் ஒளிக்கவில்லை. தெரியாது என்று சொல்பவரைக் கழித்துவிடுவார்கள் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அங்கே அது நேர்மாறாக வேலை செய்யும். எல்லாம் தெரியும் என்று எழுதியவர்மேல்தான் சந்தேகம் வரும். கடிதம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே எளிமையில் எழுதுங்கள்.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் புதிதாக எழுதுங்கள். மாதத்துக்கு மூன்று நல்ல விண்ணப்பம் போதும். நான் அனுப்பிய முதல் விண்ணப்பத்தில், ஒரு பல்கலைக்குப் போன கடிதத்தில் இன்னொரு ஊர்ப் பல்கலையின் பெயர் இருந்தது. அனுப்பி இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து பதிலை எதிர்பார்த்து ஒரு மாதம் இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்த்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

சிவியில் போட்டோ, பிறந்த தேதி, தந்தை பெயர், மதம், 'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்' எல்லாம் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு பத்து நாளில் போட்டுவிடும் பத்திரிகைகளில் கட்டுரை வந்திருந்தால், தயவுசெய்து யோசியுங்கள். அப்படி நான்கு கட்டுரை இருப்பதைவிட ஒன்றும் இல்லாமல் இருப்பது மேல். பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயமே இல்லை, உங்கள் எம்.எஸ்சி. ஆய்வேட்டின் சுருக்கத்தை இரண்டு பக்கத்தில் நன்றாக எழுதி வைத்தால் அதைப் படிப்பார்கள். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்கிறது என்றால் ப்ரொவிஷனல், ஒருங்கிணைந்த மார்க் ஷீட், பல்கலையிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் மூன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். விளம்பரம் மூன்று வாரம்தான் திறந்திருக்கும், நம் தேர்வுத் துறை அந்த மூன்று வாரத்துக்குள் டிரான்ஸ்கிரிப்ட் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெயர் விஷயமும் ஒன்று. நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ரெஃபரன்ஸ். ஸ்வீடனில் பெரும்பாலும் சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை, இரண்டு மூன்று பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். கடைசிச் சுற்றில் நேராகவே கூப்பிட்டுப் பேசுவார்கள். அதனால் துறைத்தலைவர் என்ற பதவிக்காக, உங்களை யாரென்று தெரியாதவர் பெயரைப் போடாதீர்கள். உங்களோடு பெஞ்சில் நின்ற சீனியர் விஞ்ஞானி போதும், அவரிடம் சொல்லி வையுங்கள், வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மோசடி அழைப்பு என்று கட் செய்துவிட்ட கைடுகள் உண்டு.

விளம்பரத்தில் தேவைகள் விசித்திரமாகக் குறுகலாக இருந்தால், இன்ன ஏரியின் இன்ன பாசியில் ஏற்கெனவே வேலை செய்திருக்க வேண்டும் என்கிற அளவுக்கு இருந்தால், உள்ளேயே ஓர் ஆள் இருக்கிறார் என்று பெரும்பாலும் பொருள். சட்டத்துக்காக விளம்பரம். எப்போதும் அப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்காக ஒரு வாரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கெடு நேரம் அங்கத்திய நள்ளிரவு. அது நமக்குக் கோடையில் அதிகாலை மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. தளம் தானாக மூடிக்கொள்ளும், கெஞ்சினாலும் திறக்காது. முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஸ்வீடனிலும் நார்வேயிலும் பல்கலைகள் அரசு அமைப்புகள், விண்ணப்பம் கிட்டத்தட்டப் பொது ஆவணம். யார் யார் விண்ணப்பித்தார்கள் என்று வேறொருவர் கேட்டு வாங்க முடியும். இப்போது இருக்கும் கைடுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தால் இதை மனதில் வையுங்கள்.

நேர்காணல் பெரும்பாலும் ஜூமில், அரை மணியிலிருந்து ஒரு மணி வரை. பத்து நிமிடம் எம்.எஸ்சி. வேலையைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். அப்புறம் வரும் கேள்விகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், நம்மவர்கள் அதில்தான் விழுவார்கள்: 'உங்கள் கைடோடு எப்போதாவது கருத்து வேறுபாடு வந்ததா? என்ன செய்தீர்கள்?' நாம் மரியாதையாக, 'இல்லை, அவர் சொல்வதை எப்போதும் கேட்பேன்' என்போம். எதிரே இருப்பவர் முகத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த இடத்தில் மதிப்பெண் போய்விட்டது. அவர்களுக்கு வேண்டியது, 'இந்த முடிவு தப்பாகத் தெரிகிறது' என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்லக்கூடிய ஆள். சாயம் தடுத்த கதையில் கைடு வேறு வழி சொல்லி, நீங்கள் நீர்த்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால், அந்தக் கதையைச் சொல்லுங்கள். குழுவில் இப்போது இருக்கும் மாணவர்களோடு தனியாகப் பேச வைப்பார்கள், வைக்காவிட்டால் கேளுங்கள். 'சூப்பர்வைசரை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கிறீர்கள், போன வருடம் முடித்தவர் இப்போது எங்கே?' இந்த இரண்டு கேள்வி போதும். மாணவர் பதிலுக்கு முன்னால் ஒரு நொடி தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணவர். அவருக்கு அவசரம் உங்களைவிட அதிகம். ஸ்வீடனில் போஸ்ட்டாக் வேலை என்பது தொழிற்சங்க ஒப்பந்தப்படி இரண்டிலிருந்து மூன்று வருடம். அதில் பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை, கெடு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். குழந்தை பராமரிப்பு, நோய் போன்ற காரணத்துக்காக விட்ட காலத்தைக் கழித்துக்கொள்ளலாம், அதைக் கடிதத்தில் எழுத வேண்டும். இரண்டரை வருடம் ஆகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் அந்தக் கதவு இன்னும் ஆறு மாதம்தான் அகலமாகத் திறந்திருக்கும். சான்றிதழில் உள்ள தேதியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நார்வேயில் போஸ்ட்டாக் இரண்டிலிருந்து நான்கு வருடம், ஆனால் ஒரே பல்கலையில் இரண்டாவது முறை அந்தப் பதவிக்கு எடுக்க மாட்டார்கள். டென்மார்க்கில் தகுதி பெறும் ஆராய்ச்சியாளர்களுக்கு வரிச்சலுகை உண்டு: 27 சதவீத வரி, தொழிலாளர் சந்தைப் பங்களிப்போடு சேர்த்து 32.84 சதவீதம், ஏழு வருடம் வரை. அந்த ஊர் வரியோடு ஒப்பிட்டால் இது சலுகைதான், நம்புங்கள்.

விளம்பரத்தில் 'போஸ்ட்டாக் ஸ்டைபெண்ட்' என்று இருக்கிறதா, 'வேலை' என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்வீடனில் இரண்டும் உண்டு. ஸ்டைபெண்டுக்கு வரி இல்லை, கையில் வரும் தொகை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது சம்பளம் இல்லை என்பதால் ஓய்வூதியம் சேராது, நோய் விடுப்புக்கும் குழந்தை பிறந்தால் கிடைக்கும் உதவிக்கும் அடிப்படை ஆகாது. குடும்பத்தோடு போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

போஸ்ட்டாக்கில் பேராசிரியருக்கு நேராக எழுதுவதற்கு இடம் உண்டு, ஏனென்றால் நிதியை நீங்களே கொண்டு வரலாம். மரீ க்யூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கெடு. திட்டத்தின் முக்கியப் பகுதி பத்துப் பக்கம்தான், அந்தப் பத்துப் பக்கத்தை இரண்டு வாரத்தில் எழுத முடியாது. ஏப்ரலிலேயே பேராசிரியரைப் பிடிக்க வேண்டும். ஜூலையில் ஸ்வீடனும் நார்வேயும் கோடை விடுமுறைக்குப் பூட்டிக்கொண்டு போய்விடும், மெயில் போட்டால் தானியங்கிப் பதில்தான் வரும். 'ஆகஸ்டில் திரும்புவேன்' என்றால் நிஜமாகவே ஆகஸ்ட்தான். எழுதும்போது, 'உங்கள் ஆய்வகத்தில் இடம் உண்டா' என்று கேட்காமல், 'இந்த அழைப்புக்கு உங்களோடு சேர்ந்து இந்த யோசனையை எழுத விரும்புகிறேன்' என்று அரைப் பக்கத்தில் ஒரு யோசனையோடு எழுதச் சொல்லுங்கள். இந்த மாதிரி மெயிலுக்குத்தான் பதில் வரும்.

இருவரும் ஒரே ஊருக்குப் போக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள். ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர் துணையாகப் போகலாம். வருமானம், வீடு பற்றிய நிபந்தனைகள் உண்டு, குடிவரவுத் துறையின் தளத்தில் அன்றன்றைய விதியைப் பாருங்கள், அவை அடிக்கடி மாறுகின்றன. மூன்று நாட்டிலும் துணைக்கு வேலை செய்யும் உரிமையும் கிடைக்கும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் ஸ்வீடனின் லுண்டில் சேர்ந்து, அவர் துணையாக வந்து தங்கினால், அன்றிலிருந்து அவருக்கு முன்பு சொன்ன மரீ க்யூரியின் 36 மாத, 12 மாதக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கும் அதே விதிதான், வேலையே செய்யாமல் குடியிருந்தாலும் எண்ணப்படும். 12 மாதம் தாண்டினால் ஸ்வீடனில் உள்ள எந்தப் பேராசிரியரோடும் அவர் மரீ க்யூரிக்கு எழுத முடியாது. கணக்கு நாடு வாரியாகத்தான் என்பதால் டென்மார்க் அப்போதும் திறந்தே இருக்கும். லுண்டிலிருந்து ரயிலேறினால் இரு நாட்டையும் இணைக்கும் கடல் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கோபன்ஹேகன். லுண்டில் வீடு, கோபன்ஹேகனில் வேலை என்று தினமும் அந்தப் பாலத்தில் போய் வருகிறவர்கள் நிறைய.